வேனின் அடிப்பாகத்துத் தெளிப்புப் பூச்சு கெட்டால்: உரிந்த சில்லைத் திருப்பிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடித்தல்

கொம்பி என்று நாங்கள் சொல்லும் வேனின் கதவுகளுக்குக் கீழே, சக்கர வளைவுகளைச் சுற்றி, பம்பரின் அடி விளிம்பில் சொரசொரப்பான கறுப்புப் பூச்சு அடித்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டு முற்றத்திலேயே நடக்கும் வேலை. கம்ப்ரஸர், இந்தக் கெட்டிப் பூச்சைத் தெளிக்கும் ஷுட்ஸ் கன், நான்கு புட்டி கொண்ட பெட்டி ஆகியவை போதும். சனிக்கிழமை காலையில் தொடங்கினால் மாலைக்குள் வண்டி புதிதாகத் தெரியும். சில மாதங்களில் அது பொரிந்தும் உரிந்தும் வந்துவிட்டால் எல்லோரும் புட்டியைத்தான் திட்டுகிறார்கள். புட்டியில் குறை இருப்பது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் கன்னின் விசையை அழுத்துவதற்கு முன்பே நுழைந்துவிடுகிறது. எந்தப் படியில் நுழைந்தது என்பதைக் கெட்ட பூச்சே சொல்லும். அதைத் தூக்கி எறியாமல் உற்றுப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராப்டர் போன்ற இரு கூறுப் பாலியுரித்தேன் பூச்சுகள், பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னர் திரவத்தைக் கலந்து அடிப்பவை. காய்ந்தபின் நகத்தால் அழுத்தினால் இறங்காது, தின்னர் துணியால் தேய்த்தாலும் கரையாது. கல்லடிப் பூச்சு என்று விற்கும் ஒரு கூறு வகை ரப்பரும் ரெசினும் சேர்ந்தது. சற்று அமுங்கும், மேலே வண்டியின் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கலாம். மூன்றாவது தார் அல்லது மெழுகு கலந்த பழைய அடிப்பூச்சு. வெயிலில் இளகும், தின்னர் பட்டால் துணி பழுப்பாகும். இந்த மூன்றாவதன்மேல் முதலாவதை அடித்திருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். கீழே சொல்பவை பெரும்பாலும் இரு கூறுப் பூச்சைப் பற்றியவை.

வேலையில் இறங்குமுன் ஒரு விஷயம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தெளிப்பை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவும் தாங்காது. அபாய அளவில் இருந்தாலும் வாசனை எச்சரிப்பதில்லை. அதனால் மூக்கில் கட்டிய கைக்குட்டையோ தூசி முகமூடியோ பயனற்றது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரியானது. அது இல்லாதவர் தெளிப்பு வேலையை அந்த வசதி உள்ள பட்டறையிடம் விட்டுவிட்டு, உப்புத்தாள் தேய்ப்பதையும் கழுவுவதையும் தாமே செய்யலாம். உழைப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது, பூச்சின் ஆயுளும் அங்கேதான் முடிவாகிறது.

ஏடாக உரிந்து வருகிறது

உரிந்த ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பிடியுங்கள். அதன் முதுகுதான் சாட்சி.

முதுகு வளையல் துண்டு போல வழவழவென்று பளபளத்தால், பழைய பெயின்டைத் தேய்க்காமலேயே மேலே அடித்திருக்கிறார்கள். பூச்சுக்குப் பிடித்துக்கொள்ளக் கீறல் கிடைக்கவில்லை. வண்டிப் பக்கம் பார்த்தாலும் பழைய பெயின்டின் பளபளப்பு அப்படியே இருக்கும். 180 முதல் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, எங்கு பார்த்தாலும் மங்கல் தவிர வேறு தெரியாத நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். தட்டையான நடுப்பகுதியை எல்லோரும் நன்றாகத் தேய்த்துவிடுகிறார்கள். கதவின் கீழ் மடிப்பு, சக்கர வளைவின் உள்திரும்பல், பம்பர் போல்ட்டைச் சுற்றிய பள்ளம் ஆகியவைதான் விடுபடுகின்றன. உரிதல் தொடங்குவதும் அங்கேதான்.

முதுகில் வண்டியின் நிறமே ஒட்டி வந்திருந்தால் பூச்சின்மேல் பழியில்லை. அது நன்றாகப் பிடித்திருக்கிறது. அதற்குக் கீழிருந்த பழைய பெயின்ட்தான் தகட்டை விட்டுவிட்டது. முன்பு எங்கோ மலிவாக மறுபெயின்ட் அடித்த வண்டிகளில் இது வரும். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் அடுத்த மாதம் அதன் ஓரத்தில் உரியும். அந்தப் பேனல் முழுவதையும் தகடு வரை இறக்கி, எபாக்சி பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

சாம்பல் நிறப் பொடி விரலில் ஒட்டுகிறதா? பிரைமர் வெயிலில் நாள்கணக்கில் கிடந்து பொடிந்திருக்கலாம், அல்லது துரு மாற்றி திரவத்தின் எச்சமாக இருக்கலாம். பாஸ்பாரிக் அமிலம் உள்ள திரவத்தைத் தடவி, கழுவாமல் மேலே பிரைமர் அடிப்பது பரவலான வழக்கம். மிஞ்சிய அமிலம் எபாக்சியைச் சரியாக இறுகவிடாது. புட்டியில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவ வேண்டும், வண்டி ஈரமாகிவிடுமே என்று தயங்கக் கூடாது.

முதுகு பழுப்பாக, கொழகொழவென்று, தாரின் வாசனையோடு இருந்தால் மேலே சொன்ன மூன்றாவது வகை. புதுப் பூச்சின் கரைப்பான் பழைய தாரை இளக்கிவிட்டது. செந்துருத் தூள் இருந்தால் துருவைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

பிளாஸ்டிக் வளைவுப் பட்டைகளில் மட்டும் உரிந்து, தகட்டில் உறுதியாக நின்றால் அது வேறு கதை. பட்டையைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பிபி என்ற எழுத்துகள் பொறித்திருந்தால் அது பாலிபுரோப்பிலீன். அதன்மேல் பெயின்டும் பசையும் எளிதில் நிற்பதில்லை. தேய்த்துச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்குக்கு உரிய ஒட்டுப் பிரைமர் மெல்லியதாக அடித்த பிறகே பூச்சு அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தப் பட்டைகளுக்குப் பூச்சே வேண்டாம். அவை துருப்பிடிப்பதில்லை. கழற்றி வைத்துவிட்டு, அவற்றின் பின்னால் மறைந்திருக்கும் தகட்டுக்கு அடியுங்கள். மண்ணும் ஈரமும் தங்குவது அங்கேதான்.

உரிந்த சில்லு கையில் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால், பூச்சு இறுகி ஒரு வாரமான பிறகு மறைவான இடத்தில் கூரிய பிளேடால் தகடு வரை பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போடுங்கள். அதன்மேல் வலுவான டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கீறல் சந்திக்கும் முனையில் துணுக்கு வந்தால் பேனல் முழுவதும் ஒருநாள் வரும்.

குட்டிக் குட்டிக் குழிகள், நடுவில் பழைய பெயின்ட் தெரிகிறது

பூச்சு விழுந்த உடனே வட்டமாக விலகிப் பின்வாங்கினால் அங்கே எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. டயர் பளபளக்க அடிக்கும் தெளிப்பான்தான் முதல் குற்றவாளி. அது டயரில் மட்டும் விழுவதில்லை, சக்கர வளைவு முழுவதும் படிகிறது. முன் பம்பரில் இன்னொன்றும் உண்டு. வண்டிக்குப் பூசை போட்டவர்கள் இட்ட சந்தனமும் குங்குமமும் தண்ணீரில் போய்விடும். அவற்றோடு தடவிய எண்ணெய் போகாது.

அடிப்பதற்கு முந்தைய சோதனை எளிது. கழுவிய பேனல்மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். படலமாகப் பரவி நின்றால் சரி, முத்து முத்தாகப் பிரிந்தால் மெழுகோ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது. துடைக்கும்போது இரண்டு துணி வேண்டும்: ஒன்றில் எண்ணெய் நீக்கும் திரவத்தை நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் மற்றதால் உலர எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். தேய்ப்பதற்கு முன்பும் துடைக்க வேண்டும், பின்பும் துடைக்க வேண்டும். முன்பு துடைக்காவிட்டால் உப்புத்தாளே எண்ணெயைக் கீறலுக்குள் அழுத்திவிடும்.

குழி விழுந்துவிட்டால் மேலே இன்னும் தடிமனாக அடித்து மூட முயலாதீர்கள். இறுகவிட்டு, தேய்த்து, துடைத்து, மறுபடி அடியுங்கள்.

குமிழ்களும் ஊசித்துளைகளும்

நம் கடற்கரையில் அதிகம் வரும் கோளாறு இதுதான். ஹார்ட்னர் தண்ணீரைக் கண்டால் பூச்சின் கூறோடு சேர்வதை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயு படலத்துக்குள் சிக்கிக் குமிழாகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒரு குமிழைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். படலத்தின் தடிமன் முழுவதும் சிறு சிறு கண்ணறைகள் இருந்தால் ஈரம் கலந்திருக்கிறது. மேல்தோலை ஒட்டி மட்டும் துளைகள் இருந்து அடியில் கெட்டியாக இருந்தால் அது ஈரமல்ல, கரைப்பான். முதல் அடுக்கு உலர்வதற்குள் இரண்டாவதைத் தடிமனாக ஏற்றியதால், அடியிலிருந்த கரைப்பான் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. அடுக்குகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது 20 டிகிரிக்குச் சொல்லும் கணக்கு. காற்றோட்டமில்லாத கராஜில் அதற்கு மேலும் ஆகும்.

ஈரம்தான் என்று தெரிந்தால் முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள். 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 8 பார் அழுத்தத்துக்கு நசுக்கி ஆறவிட்டால் பெரும்பகுதி தண்ணீராக இறங்கிவிடும். தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால் இங்கே கோடையான ஜனவரி மாதத்தில் பழுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு வருவது இதனால்தான். அடிக்கத் தொடங்குமுன் ஒருமுறை, பிறகு புட்டி மாற்றும்போதெல்லாம் ஒருமுறை அதைத் திறந்துவிடுங்கள்.

நீர் பிரிக்கும் வடிகட்டியைக் கம்ப்ரஸரின் வாயிலேயே மாட்டுவது வழக்கம். அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிப் போய், ஹோஸுக்குள் குளிர்ந்து தண்ணீராகிறது. நீளமான ஹோஸ் போட்டு, கன்னுக்குப் பக்கத்து முனையில் வடிகட்டியை வையுங்கள். அதே வடிகட்டிதான், இடம் மாறினால் வேலை செய்யத் தொடங்கும்.

அடுத்தது தகடு. கண்ணுக்குத் தெரியாத பனி அதன்மேல் இருக்கலாம். வெப்பநிலையிலிருந்து, நூறுக்கும் ஈரப்பதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறையக் கிடைக்கும். 27 டிகிரி, 85 விழுக்காடு என்றால் வித்தியாசம் 15, ஐந்தில் ஒன்று 3, ஆக 24. தகடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையின் பொது விதி. அதாவது தகடு 27க்குக் கீழே இறங்கக் கூடாது. அதிகாலையில் கராஜிலிருந்து வெளியே எடுத்த வண்டிக்கு அந்தச் சூடு கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மேல் அடித்து, இரவு முழுவதும் வெளியே நிறுத்துவதும் இதே தவறுதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தைப்பூசக் காவடிக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போக வேண்டியிருப்பதால், "தம்பி, காவடிக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடு" என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். தைப்பூசம் வருவது ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, அதாவது டர்பனில் ஆண்டின் மிகப் புழுக்கமான நாள்களில். ஆடி மாதம், கூழ் ஊற்றும் காலம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. காவடிக்கு முன்பு வண்டியைக் கழுவி மெழுகு போட்டுக் கொடுத்துவிட்டு, பூச்சை ஜூலைக்குத் தள்ளிவைப்பது இருவருக்கும் நல்லது. அந்த மெழுகைப் பூச்சு அடிக்குமுன் மறக்காமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள்கள் ஆகியும் பிசுபிசுக்கிறது

எங்கும் ஒரே மாதிரி மென்மையாக இருந்தால் ஹார்ட்னரின் அளவு குறைவு, அல்லது குளிர். திட்டுத் திட்டாக இருந்தால் சரியாகக் குலுக்கவில்லை. பூச்சுக்குச் சொரசொரப்புத் தரும் பொருள்கள் புட்டியின் அடியில் தங்கிக் கெட்டிப்பட்டிருக்கும். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று தெரியும்வரை குலுக்கிய பிறகே ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் மறுபடி இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

ராப்டர் புட்டியில் 750 மில்லி இருக்கும். மேலே விட்டிருக்கும் வெற்றிடத்தில் ஹார்ட்னரை நிரப்பினால் 1 லிட்டர், அதாவது மூன்றுக்கு ஒன்று. முழுப் புட்டியைப் பயன்படுத்துபவர் தவறுவதில்லை. பம்பருக்கு மட்டும் வேண்டும் என்று அரைப் புட்டியைக் கண்ணளவாகக் கலப்பவர்தான் தவறுகிறார். அளவுக் குவளை இல்லாமல் பிரித்துக் கலக்காதீர்கள்.

திறந்து வைத்த பழைய ஹார்ட்னரையும் சந்தேகியுங்கள். மூடியைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள்: வெண்மையான பொருக்கு கட்டியிருந்தால், அல்லது தெளிவாக இருக்க வேண்டிய திரவம் கலங்கியோ கொழகொழத்தோ இருந்தால், காற்றின் ஈரம் ஏற்கெனவே அதைத் தின்றுவிட்டது. அப்படிப்பட்டதைக் கலப்பது தண்ணீரைக் கலப்பதற்குச் சமம்.

டர்பன்காரர்களுக்குக் குளிர் பெரிய தொல்லையில்லை. உள்நாட்டில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் லெனேசியாவிலோ லோடியத்திலோ இருப்பவர்களுக்கு ஜூன், ஜூலை இரவுகளில் அதுதான் தொல்லை. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இறுகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். பகல் வெயிலில் 18 டிகிரியில் அடித்தது இரவில் 2 டிகிரிக்கு இறங்கினால் வேலை அப்படியே நின்றுபோகும். இது திரும்பப் பெறக்கூடிய கோளாறு: வண்டியை வெயிலில் நிறுத்துங்கள், விளக்கு வைத்துச் சூடு கொடுங்கள், பூச்சு இறுகிவிடும். அளவு தவறியது அப்படி இறுகாது. வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் ஆகியும் நகம் இறங்கினால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். மேலே ஹார்ட்னரை மட்டும் தடவிப் பார்க்கும் யோசனை எந்தப் பயனும் தராது.

நிறம் கலந்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிறக் கலவைக்கு வரம்பு பெரும்பாலும் 10 விழுக்காடு. நீர் கலந்த பெயின்டை நிறத்துக்காக ஊற்றினால் குமிழும் வரும், பிசுபிசுப்பும் வரும்.

சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது

கதவுக்குக் கீழே மணல் மாதிரி, பின்சக்கரத்தருகே கொத்துமல்லி விதை அளவு. காரணம் அழுத்தம் இறங்கியது. அழுத்தம் குறைந்தால் துளி பெரிதாகும், கூடினால் பொடியாகும். தொட்டி சிறியதாக இருந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் காற்று தீர்ந்துவிடும். அழுத்தமானியை விசையை அழுத்திப் பிடித்த நிலையில் படியுங்கள். சும்மா இருக்கும்போது 4 பார் காட்டுவது விசையை அழுத்தியதும் 2 பாராக விழுந்தால் அந்த 2தான் உண்மை. பெரும்பாலான ஷுட்ஸ் கன்களுக்கு 3 முதல் 4 பார் போதும். தொட்டி சிறியது என்றால் ஒரு பேனல் அடித்துவிட்டு நின்று, அழுத்தம் ஏறியபின் அடுத்ததைத் தொடுங்கள்.

தூரமும் கை வேகமும் அடுத்த காரணங்கள். கீழ்ப்பகுதி அடிக்கும்போது மனிதர் குனிந்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் ஒருக்களித்துப் படுத்துவிடுகிறார். கன் தகட்டை நெருங்கிக்கொண்டே வருகிறது. வண்டியைத் தாங்கிகளின்மேல் உயர்த்திவையுங்கள். சாட்ஸ்வொர்த்தின் சரிந்த முற்றங்களில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், சமதளம் தேடுங்கள்.

மின்வெட்டு 2023இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், மின்சாரம் போவது நின்றுவிடவில்லை. கலந்த புட்டி மின்சாரத்துக்காகக் காத்திருக்காது. சாதாரண வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் கெட்டியாகத் தொடங்கும், வெயிலில் அதற்கும் முன்பே. ஆகவே எல்லாப் புட்டிகளையும் முன்கூட்டியே கலந்து வரிசையாக வைக்காதீர்கள். பாதியில் கம்ப்ரஸர் நின்றால் பேனலின் நடுவில் விடாமல், தொட்டியில் மிஞ்சிய காற்றைக்கொண்டு கதவு இடுக்கு, மடிப்புக்கோடு என்று கண் இயல்பாக நிற்கும் இடம்வரை போய் நிறுத்துங்கள். பிறகு உடனே கன்னைக் கழற்றித் தின்னரில் கழுவுங்கள். இறுகிய கன்னைத் திரும்பப் பெற முடியாது.

மாறிய சொரசொரப்பைத் திருத்த, சிவப்புத் தேய்ப்புத் துணியால் மங்கலாக்கி, அந்தப் பேனலின் இரு எல்லைக்கோடுகளுக்கு இடையே முழுவதுமாக இன்னொரு மெல்லிய அடுக்கு அடியுங்கள். நடுவில் மட்டும் ஒட்டுப்போட்டால் அது எப்போதும் ஒட்டாகவே தெரியும்.

வழிந்து தொங்கினால் அதே காரணத்தின் மறுபக்கம்: மிக அருகில், மிக மெதுவாக. ஈரமாக இருக்கும்போது விரல் வைக்காதீர்கள். இறுகியபின் பிளேடால் சீவி, தேய்த்து, மேலே அடித்துக்கொள்ளலாம்.

மேலே கரும்புகை நூல்கள், அல்லது உலர்ந்த தூள்

டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டங்கள் உள்ள டோங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டுக் காலத்தில் தோட்டத்துக்குத் தீ வைத்த அன்று, எரிந்த தோகையின் கறுப்பு நூல்கள் துணிக்கொடியில் விழுவது போலவே ஈரப் பூச்சிலும் விழுகின்றன. வறண்ட மாதங்கள் நல்லவை என்று மேலே சொன்னேன்; தீ வைக்கும் காலமும் பெரும்பாலும் அதுதான். கறுப்புப் பூச்சில் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் பிடிப்பு குறையும். வெள்ளையோ சாம்பல் நிறமோ அடித்தவர் அழுதுகொண்டு தேய்க்க வேண்டும். எரிப்பு பெரும்பாலும் காற்றடங்கிய விடியலில் நடப்பதால், புகை எழும்பியிருக்கும் நாளில் அன்றைய வேலையை உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று இன்னொரு வகைத் தொல்லை. சூடும் வறட்சியுமாக வரும். துளிகள் தகட்டைச் சேருமுன்பே பாதி உலர்ந்து, பிடிக்காமல் தூளாகப் படியும். கையால் தடவினால் உதிரும். அதை ஊதித் துடைத்துவிட்டு, காற்று மாறிய பிறகு அடியுங்கள்.

டேப் எடுத்ததும் விளிம்பு கிழிகிறது

கடைசி அடுக்கு இன்னும் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுக்க வேண்டும், தன்மேலேயே மடித்து, மெதுவாக. இறுகிவிட்டதென்றால் இழுக்காதீர்கள், விளிம்பை ஒட்டிப் புதுப் பிளேடால் படலத்தை மட்டும் வெட்டிவிட்டு எடுங்கள். அடியிலுள்ள பெயின்டைக் கீறிவிட்டால் அங்கேயே துருவுக்கு வாசல் திறந்துவிடும்.

சில மாதம் கழித்துக் கொப்புளம், விளிம்பில் செந்துரு

பூச்சு துருவைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. கல்லடியையும் உப்புத் தண்ணீரையும் அது தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் துருவை மூடி மறைக்கும், அவ்வளவுதான். மறைந்த துரு நின்றுவிடுவதில்லை.

கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் உப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. ப்ளஃபிலோ இசிப்பிங்கோ கடற்கரைப் பக்கமோ நிற்கும் வண்டிகளில் இது அதிகம். தகட்டின் குழிகளில் தங்கிய உப்பு, படலத்தின் வழியே ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவே கொப்புளத்தை ஊதுகிறது. உப்புத்தாள் உப்பை எடுக்காது, கரைப்பானும் எடுக்காது. நல்ல தண்ணீர்தான் எடுக்கும்: அழுத்தத்தோடு, பலமுறை. தகடு வரை தேய்த்த இடத்தைக் கழுவி உலர்த்தி ஓரிரவு விட்டுப் பாருங்கள். குழிகளில் கரும்புள்ளிகளாகத் துரு திரும்பினால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவித் தேய்க்க வேண்டும். திரும்பாவிட்டால் தாமதிக்காமல் எபாக்சி பிரைமர். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் அடித்து அதன்மேல் எபாக்சி போடும் குறுக்குவழி வேண்டாம். அமிலத்தின்மேல் எபாக்சி சரியாக நிற்பதில்லை.

குத்தியதும் உலர்ந்த பழுப்புத் தூள் உதிர்ந்தால் பழைய துருவின்மேலேயே அடித்திருக்கிறார்கள். கம்பிச் சக்கரம் துருவை மெருகேற்றிக் கறுப்பாக்கிவிடும், பார்க்கச் சுத்தமாகத் தெரியும். ஏமாறாதீர்கள், சாம்பல் நிற உலோகம் தெரிய வேண்டும்.

கதவுக்கு அடியிலுள்ள நீள்பட்டையின் கீழ்த் தையலில் மட்டும் கோடாகத் துரு வடிந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. வெளிப்பூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒன்றைத் தவிர: பூச்சு அடித்தவர் வடிகால் துளைகளை அடைத்திருக்கலாம். டர்பனின் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இந்தப் பெட்டிப்பகுதிக்குள் வண்டல் இன்னும் தங்கியிருக்கக்கூடும். அது ஈரத்தை விடவே விடாது. துளைகளை ஆணியால் திறந்து, ஹோஸ் வைத்து உள்ளே கழுவி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டு, சில நாள் நன்றாகக் காயவையுங்கள். பிறகு நீளக்குழாய் உள்ள தெளிப்பானால் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். இந்த மெழுகு கடைசி வேலை. வெளிப்பூச்சு இறுகிய பிறகுதான், முன்பு அல்ல.

திருகுளியால் அழுத்தி, அது உள்ளே போய்விட்டால் பூச்சுப் பேச்சை நிறுத்திவிட்டு வெல்டிங்காரரைத் தேடுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தருகே தகடு இற்றிருந்தால், சாலையில் ஓட்டத் தகுந்த வண்டியா என்று பார்க்கும் ரோட்வொர்தி சோதனையில் தேறாது, தேறினாலும் ஓட்டத்தக்கதல்ல. வெல்டிங்குக்கு முன்பு சுற்றிலும் ஒரு கையகலம் பூச்சை எந்திரத்தால் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சூடுபட்ட பாலியுரித்தேன் மறுபடியும் ஐசோசயனேட் புகையை விடும். சூட்டுக் கன்னால் வாட்டிச் சுரண்டுபவர்களுக்கும் இது பொருந்தும். உறுதியாகப் பிடித்திருக்கும் இடங்களைப் பெயின்ட் நீக்கி திரவம் அவ்வளவாகத் தொடாது. கரடுமுரடான வட்டுதான் வழி, நேரம் எடுக்கும்.

வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தது போல் ஆகிறது

விரலில் வெள்ளைத் தூள் ஒட்டினால் வெயில் படலத்தின் மேல்தோலை அரித்திருக்கிறது. மலிவான பூச்சுகளில் சீக்கிரம் வரும். தூள் ஒட்டாமல், பள்ளங்களில் மட்டும் வெண்மை தெரிந்தால் அது மெழுகு மிச்சம் அல்லது சோப்பு. பழைய பல்துலக்கியும் வெந்நீரும் போதும். உண்மையாகவே வெளுத்ததற்கு, தேய்த்து மங்கலாக்கி மேலே இன்னொரு அடுக்கோ, வெயில் தாங்கும் வண்டி பெயின்டோ அடிக்கலாம். அடுக்கு சேரும் போதெல்லாம் கதவின் கீழ் விளிம்புத் துளைகள், பார்க்கிங் சென்சார், பிரேக் தட்டு, புகைக்குழாய் ஆகியவற்றை மறுபடி மூட வேண்டும். வேலை முடிந்ததும் கதவுத் துளைகளைத் திறந்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடி இடுக்கில் ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.